மூச்சுக்குழாயில் சிக்கும் நிலக்கடலை

குழந்தைகள் அயற்பொருளை மூச்சுக்குழாய்க்குள் இழுத்துக்கொள்ளும் விபத்து, 1 முதல் 3 வயது வரையில்தான் மிகுதியாக நேர்கிறது. அகப்பட்டதையெல்லாம் வாயிலிடும் அப்பருவத்தில் கடைவாய்ப் பற்கள் முழுமையாக முளைத்திராததால், நிலக்கடலை போன்ற கடினமான உணவு அரைபடாமலே தங்கி, குழந்தை சிரிக்கும்போதோ ஓடும்போதோ மூச்சோடு உள்ளே சென்றுவிடுகிறது. வலப்புறக் கிளைக்குழாய் இடப்புறத்தைவிட அகலமாகவும் நேராகவும் இறங்குவதால், அது பெரும்பாலும் அங்கே தங்குகிறது.

முதலில் புரையேறலும் கடும் இருமலும் தோன்றுகின்றன. பொருள் கிளைக்குழாயில் நிலைகொண்டதும் இருமல் அடங்கி, குழந்தை பழையபடி விளையாடத் தொடங்குவதால், ஆபத்து நீங்கிற்று எனப் பெற்றோர் எண்ணிவிடுகின்றனர். ஆனால் கடலை ஈரத்தில் ஊதி, அதன் எண்ணெய் குழாயின் உட்சுவரை அழற்சியுறச் செய்ய, சில நாட்களிலோ வாரங்களிலோ காய்ச்சலும் சளியும் வருகின்றன. இது ஆஸ்துமா என்றோ நிமோனியா என்றோ கருதப்பட்டுச் சிகிச்சை தாமதமாவதும் உண்டு.

எக்ஸ்ரே படத்தில் உலோகம் தெளிவாகத் தெரியும். கடலையும் பெரும்பாலான பிளாஸ்டிக் பொருள்களும் தெரிவதில்லை. எனவே மறைமுக அடையாளங்களையே மருத்துவர் தேடுகிறார். அடைப்பு ஒருவழிக் கதவைப் போல் காற்றை உள்ளே விட்டு வெளியே விடாதிருந்தால், மூச்சை வெளிவிடும் நிலையில் எடுத்த படத்தில் அப்பக்க நுரையீரல் உப்பியிருக்கும்; அடைப்பு முழுமையானால் அப்பகுதி சுருங்கிக் காணப்படும். ஸ்டெதாஸ்கோப்பில் ஒரு பக்க மூச்சொலி குறைந்தோ, இழுப்புடனோ கேட்கலாம். இவை யாவும் இயல்பாகத் தோன்றினும், புரையேறிய செய்தி உறுதியாயிருப்பின் மூச்சுக்குழாய்க்குள் கருவியைச் செலுத்திப் பார்க்கும் உள்நோக்கிப் பரிசோதனையைத் தவிர்ப்பதற்கில்லை.

1897இல் ஜெர்மானிய மருத்துவர் குஸ்டாவ் கில்லியன் ஒரு விவசாயியின் கிளைக்குழாயிலிருந்து எலும்புத் துண்டை உள்நோக்கி வழியே எடுத்தார். பின்னர் அமெரிக்காவின் செவாலியர் ஜாக்சன் இம்முறையைச் செம்மைப்படுத்தி, தாம் அகற்றிய ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களைச் சேகரித்து வைத்தார். இன்று குழந்தைக்கு முழு மயக்கம் கொடுத்து, பிராங்கோஸ்கோப் எனப்படும் உறுதியான உலோகக் குழாயை வாய்வழியே செலுத்தி, அதன் ஊடாகவே மூச்சும் அளித்தவாறு, நுண்ணிய இடுக்கியால் பொருளைப் பற்றி எடுக்கின்றனர்.

குழந்தை பலமாக இருமினால் இருமவிடுவதே நன்று. வாயில் குருட்டாம்போக்கில் விரலை விட்டுத் துழாவினால் பொருள் மேலும் உள்ளே போகக்கூடும். இருமவோ அழவோ இயலாதபோது, 1 வயதுக்குட்பட்ட குழந்தையைக் குப்புறத் தாங்கி, தோள்பட்டைகளின் நடுவே 5 முறை தட்டி, பின் மல்லாத்தி நெஞ்செலும்பின் மேல் 5 முறை அழுத்தி, அடைப்பு நீங்கும் வரை மாறி மாறித் தொடர வேண்டும். மூத்த குழந்தைக்கு முதுகுத் தட்டுடன் மேல்வயிற்றை உள்நோக்கி மேலாக அழுத்துவது பொருந்தும். நினைவிழந்தால் உடனே இதயமீட்பு முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

முழு நிலக்கடலையை 4 அல்லது 5 வயது வரை தராதிருப்பது தடுப்புமுறை. புரையேறிய குழந்தையை, இருமல் நின்றுவிட்டாலும், அன்றே மருத்துவரிடம் காட்டி நடந்ததைத் தெளிவாகச் சொல்வது, எந்தப் படமும் தர இயலாத சான்றை அவருக்குத் தருவதாகும்.