கரையை நெருங்கும் புயலும் குடிகளின் உரிமைகளும்

ஐப்பசி பிறந்து மார்கழி முடிகிறவரை, வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையில் வாழும் ஜனங்கள் வானத்தின்மேல் ஒரு கண்ணும் சமுத்திரத்தின்மேல் ஒரு கண்ணுமாகவே தங்கள் தொழிலை நடத்திவருகிறார்கள். தமிழகத்தின் ஏரிகளை நிரப்பும் வடகிழக்குப் பருவமழை இம்மாதங்களில்தான் பெய்கிறது. கடலில் பிறக்கும் சுழல்கள் கரையை நோக்கிப் புறப்படுவதும் பெரும்பாலும் இம்மாதங்களில்தான். முற்காலத்தில் புயல் வந்து அடித்தபிறகே அது புயலென்று தெரிந்தது. இன்றோ, அது கடலில் கருக்கொள்ளும் நாள் முதலாக அதன் ஒவ்வோர் அசைவையும் அறியும் சாதனங்கள் இருக்கின்றன. இருந்தும் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள் நேர்ந்துகொண்டே இருப்பதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு: விடுக்கப்படும் எச்சரிக்கையை அதன் சரியான அர்த்தத்தில் வாசிக்க நாம் பழகவில்லை, ஆபத்துக்கு முன்னும் பின்னும் சர்க்காரிடமிருந்து நமக்குச் சேரவேண்டியது தயவினால் கிடைக்கும் சலுகையென்றே எண்ணி, சட்டம் அளித்துள்ள உரிமையைக் கேளாமல் இருந்துவிடுகிறோம். இவ்விரண்டையும் பற்றிக் கரையோர மக்கள் அறிந்திருக்கவேண்டியவற்றை இங்கே வரிசையாகச் சொல்ல முற்படுகிறேன்.

புயலைத் தொடரும் விதம்

1864-இல் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அந்தத் துயரமும் பின்னர் வந்த பஞ்சங்களும் சேர்ந்து வற்புறுத்தவே, 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை ஸ்தாபிக்கப்பட்டது. அக்காலத்தில் துறைமுகங்களிலிருந்து தந்தி மூலம் வந்த செய்திகளும், கரை சேர்ந்த கப்பல்களின் குறிப்புகளுமே ஆதாரமாக இருந்தன. இன்று இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் மேகச் சுழலை இடைவிடாமல் படம் பிடிக்கின்றன. கடலில் நிறுத்தப்பட்ட மிதவைகள் காற்றழுத்தத்தையும் நீரின் வெப்பத்தையும் தெரிவிக்கின்றன. சுழல் கரையிலிருந்து சில நூறு கிலோமீட்டருக்குள் வந்ததும், சென்னை, காரைக்கால் முதலிய இடங்களிலுள்ள டாப்ளர் ராடார்கள் அதன் மழைப்பட்டைகளையும் மையத்தையும் காட்டத் தொடங்குகின்றன. இவற்றையெல்லாம் கணினிகளில் கோத்து, அடுத்த சில தினங்களில் புயல் எத்திசையில் எவ்வளவு வலிமையோடு செல்லும் என்பதை வானிலை விஞ்ஞானிகள் கணிக்கிறார்கள். வங்கக் கடலுக்கும் அரபிக் கடலுக்கும் உரிய மண்டல மையம் டில்லியில் இருக்கிறது. 13 நாடுகள் அளித்துள்ள பட்டியலிலிருந்து புயலுக்குப் பெயர் சூட்டுவதும் அம்மையமே.

சுழலின் காற்று மணிக்கு 31 கிலோமீட்டரை எட்டினால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 51-ஐ எட்டினால் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62-ஐத் தாண்டினால் புயல். 89-இல் தீவிரப் புயல். 118-இல் மிகத் தீவிரப் புயல். 222-ஐ எட்டினால் சூப்பர் புயல். இந்தப் பெயர்கள் காற்றின் வேகத்தை மட்டுமே அளப்பவை என்பதை வாசகர்கள் முக்கியமாக நினைவில் வைக்கவேண்டும்.

மூன்று தவறான எண்ணங்கள்

முன்கணிப்புப் படத்தில் புயலின் பாதையாக ஒரு கோடு வரையப்பட்டிருக்கும்; அக்கோட்டின் இருபுறமும் போகப்போக அகன்று செல்லும் ஒரு பரப்பும் காட்டப்பட்டிருக்கும். கோட்டை மட்டும் பார்த்து, அது நம் ஊரைத் தொடவில்லையென்று ஆறுதலடைவது முதல் தவறு. மையம் அந்தப் பரப்புக்குள் எங்கு வேண்டுமானாலும் செல்லக்கூடும் என்பதுதான் படத்தின் பொருள். 24 மணி நேரத்துக்கு முந்திய கணிப்பிலேயே பல பத்துக் கிலோமீட்டர் பிசகு நேருவது சகஜம். தவிர, புயலின் தீமை அதன் மையத்தோடு நின்றுவிடுவதுமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஆந்திராவில் பாபட்லா அருகேதான் கரையைக் கடந்தது. ஆனால் அதற்குமுன் சென்னைக்கு அருகில் கடலில் மெதுவாக ஊர்ந்து சென்ற இரண்டு நாட்களில், அது கரையேறாத அந்த நகரமே வெள்ளத்தில் மிதந்தது.

வேகம் குறைந்த புயல் அபாயமற்றது என்று கருதுவது இரண்டாவது தவறு. 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், தரத்தில் சாதாரணப் புயலே. ஆனால் கரையேறிய பின்பும் அது அவ்விடத்தைவிட்டுப் பல மணி நேரம் நகராமல் நின்று பெய்த காரணத்தால், புதுச்சேரியும் விழுப்புரமும் மட்டுமின்றி, கடலுக்கு வெகுதூரத்திலுள்ள திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் பெருஞ்சேதமடைந்தன. திருவண்ணாமலையில் மண்சரிவு வீட்டின்மேல் விழுந்து உயிர்களைப் பறித்தது.

காற்றைக் காட்டிலும் கொடியது கடலின் ஏற்றம். பம்பரம் சுழன்றுகொண்டே நகர்வதுபோல, நம் கடலில் புயல் இடஞ்சுழியாகச் சுழன்றுகொண்டு மேற்கு நோக்கி வருகிறது. ஆகவே அது கரையேறும் இடத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசி, நீரைத் திரட்டிக்கொண்டு வந்து ஊருக்குள் தள்ளுகிறது. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவில் தனுஷ்கோடியை அழித்ததும், நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் ரயிலை அதிலிருந்தோருடன் வாரிச் சென்றதும், 1977 நவம்பரில் ஆந்திராவின் திவிசீமாவில் ஆயிரமாயிரம் பேரைக் கொன்றதும் இவ்விதம் ஏறிவந்த கடல்நீர்தான்.

மூன்றாவது தவறு, புயலின் கண் நம்மைக் கடக்கும்போது உண்டாகும் அமைதியைக் கண்டு ஏமாறுவது. பேய்க்காற்று சட்டென்று நின்று வானம் வெளுக்கும்போது, எல்லாம் முடிந்ததென்று எண்ணி ஜனங்கள் வெளியே வருகிறார்கள். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்புகிறது. முற்பகுதியில் அசைந்துநின்ற மரங்களும் சுவர்களும் பிற்பகுதியில் விழுகின்றன. புயல் முற்றிலும் கடந்துவிட்டதாக அதிகாரபூர்வமான அறிவிப்பு வரும்வரை பாதுகாப்பான கட்டிடத்தைவிட்டு அகலலாகாது.

எச்சரிக்கையின் படிகள்

வானிலைத் துறையின் எச்சரிக்கை நான்கு படிகளாக வருகிறது. சுமார் 72 மணி நேரத்துக்கு முன் வரும் முதற்குறிப்பு பெரும்பாலும் அதிகாரிகளுக்கானது. பாதகமான வானிலை தொடங்குவதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன் இரண்டாம் படியும், 24 மணி நேரம் முன் மூன்றாம் படியும் வெளியாகின்றன. கரையைக் கடப்பதற்கு 12 மணி நேரம் முன் வரும் நான்காம் படி, கரையேறிய பிறகு உள்மாவட்டங்களில் என்ன நேரும் என்பதையும் கூறுகிறது. இரண்டாம் படியிலேயே குடிநீர், மருந்து, கைவிளக்கு, குழந்தைகளுக்கான உணவு ஆகியவற்றைச் சேர்த்து, குடும்ப அட்டை, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம் முதலிய ஆவணங்களை நீர்புகாத உறையில் கட்டிவைத்துவிடவேண்டும். மூன்றாம் படியில், தாழ்ந்த பகுதியிலும் கூரை வீட்டிலும் இருப்பவர்கள் பகல் வெளிச்சம் உள்ளபோதே புறப்படுவது உத்தமம்.

துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் கூண்டுகளுக்கும் அர்த்தம் உண்டு. 1, 2 எண் கூண்டுகள் தொலைவில் சுழல் இருப்பதையும், 3, 4 துறைமுகத்துக்கே பலத்த காற்று வரக்கூடும் என்பதையும், 5 முதல் 7 வரை அபாயத்தையும், 8 முதல் 10 வரை பேரபாயத்தையும் குறிக்கின்றன. வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துபோன நிலைக்கு 11.

எச்சரிக்கைக்குச் செவிசாய்ப்பதால் விளையும் பயனை ஒடிசா மாநிலம் நிரூபித்துக் காட்டியிருக்கிறது. 1999 அக்டோபரில் அங்கு வந்த சூப்பர் புயலில் சுமார் பத்தாயிரம் பேர் இறந்தனர். அதன் பின்னர் புயல் காப்பகங்கள் கட்டப்பட்டு, கிராமந்தோறும் தொண்டர்கள் பயிற்றுவிக்கப்பட்டு, 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தபோது லட்சக்கணக்கானோர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டதனால், உயிர்ச்சேதம் சில பத்துகளில் அடங்கியது. இயற்கை இரு தடவையும் கொடுமையாகவே வந்தது. மனிதர்களின் ஆயத்தம் மாறியதால் முடிவும் மாறியது.

கடலில் இருப்பவர்கள்

கரையில் இருப்பவனுக்கு 48 மணி நேர அவகாசம் போதுமானதாயிருக்கலாம். ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன் பிடிப்பவனுக்கு அது போதாது. 2017 நவம்பர் 29-ஆம் நாள் இலங்கையின் தென்கிழக்குக் கரையருகே தாழ்வு மண்டலமாயிருந்த ஒக்கி, மறுநாள் காலை குமரிக் கடலில் புயலாகிவிட்டது. அதற்கு முன்பே கடலுக்குச் சென்றிருந்த கன்னியாகுமரி மாவட்ட மீனவர்களுக்குச் செய்தி சேரவில்லை. சென்றவர்களில் பலர் திரும்பவே இல்லை. அவர்களுடைய குடும்பங்களுக்கு வேறொரு துன்பமும் காத்திருந்தது. ஒருவரைப்பற்றி ஏழு ஆண்டுகள் தகவலில்லாவிட்டால்தான் அவரை இறந்தவராகக் கருதலாம் என்பது பொதுவான சட்டம். உடல் கிடைக்காத குடும்பம் அத்தனை காலம் எப்படிக் காத்திருக்கும்? மக்களின் போராட்டத்துக்குப் பின், அந்தக் கெடுவைத் தளர்த்தி நிவாரணம் வழங்க அரசு முன்வந்தது.

ஆகையால் ஒவ்வொரு மீனவரும் படகின் பதிவையும் மீனவர் நலவாரிய உறுப்பினர் பதிவையும் புதுப்பித்து வைத்திருப்பதும், கடலுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் படகிலுள்ளோரின் பெயர்களைக் கரையில் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்வதும் அவசியம். அந்தக் குறிப்பே பிற்பாடு தேடுதலுக்கும் நிவாரணத்துக்கும் அஸ்திவாரமாகும். கடலில் ஆபத்து நேர்ந்தால் கடலோரக் காவல் படையை 1554 என்ற எண்ணில் அழைக்கலாம்.

முகாமில் நமக்குள்ள உரிமை

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைக் கரையோர மக்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டும். அச்சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட ஆணையம் உண்டு. முன்னெச்சரிக்கை மக்களைச் சென்றடைய ஏற்பாடு செய்வது அதன் பணிகளுள் ஒன்று. நிவாரண முகாமில் தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவ உதவி, சுகாதார வசதி ஆகியவை குறைந்தபட்சம் எவ்வளவு இருக்கவேண்டும் என்று நெறி வகுக்குமாறு 12-ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. கணவனை இழந்தோருக்கும் அநாதைகளுக்கும் தனி ஏற்பாடு, உயிரிழப்புக்கும் வீட்டுச் சேதத்துக்கும் நிதியுதவி, ஜீவனோபாயத்தை மீட்டுக்கொள்ள உதவி ஆகியவற்றையும் அதே பிரிவு குறிப்பிடுகிறது. பால், சாதி, சமூகம், வம்சம், மதம் ஆகியவற்றின் பேரில் நிவாரணத்தில் பாரபட்சம் காட்டலாகாது என்று 61-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. முகாமில் ஒரு சாராரைத் தனியே ஒதுக்கி வைப்பதும், ஒரு தெருவுக்கு மட்டும் உணவு வண்டி செல்லாமலிருப்பதும் இச்சட்டத்துக்கு விரோதமான செயல்கள்.

உரிமையோடு கடமையும் உண்டு. பீதியை உண்டாக்கும் பொய்யான எச்சரிக்கையைப் பரப்புவோருக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்க 54-ஆம் பிரிவு இடமளிக்கிறது. பொய் சொல்லி நிவாரணம் பெறுவோருக்கும், நிவாரணப் பொருளைக் கையாடுவோருக்கும் இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. கைப்பேசியில் வரும் ஊர்பேர் தெரியாத செய்தியை வானிலைத் துறையின் அறிவிப்போடு ஒப்பிட்டுப் பாராமல் பிறருக்கு அனுப்பாதீர்கள்.

நஷ்டம் நேர்ந்தபின்

இடிந்ததை அகற்றுவதற்கு முன், வீடு, படகு, வலை, கால்நடை, பயிர் ஆகியவற்றுக்கு நேர்ந்த சேதத்தைத் தேதியுடன் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலர் எடுக்கும் சேதக் கணக்கில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். இல்லையென்றால் வட்டாட்சியருக்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ஒப்புகை பெறுங்கள். 2022 முதல் 2026 வரைக்கான மத்திய அரசின் விதிமுறை, இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்திருக்கிறது. பயிர் 33 சதவிகிதமோ அதற்கு மேலோ அழிந்திருந்தால் உதவி உண்டு. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டில் சேர்ந்த விவசாயி, வெள்ளத்தில் மூழ்கிய பயிரைப்பற்றியோ அறுத்து வயலில் உலர வைத்த கதிர் நனைந்ததைப்பற்றியோ 72 மணி நேரத்துக்குள் தெரிவித்துவிடவேண்டும். அந்தக் கெடு தவறினால், கட்டிய பிரீமியம் வீணாகிவிடக்கூடும்.

மனுவுக்குப் பதில் வராவிட்டால், திங்கட்கிழமைகளில் ஆட்சியர் நடத்தும் குறைதீர்க்கும் நாளில் நேரில் முறையிடலாம். நிவாரணப் பட்டியல் எப்படித் தயாரானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். அதற்கும் பயனில்லையென்றால் உயர் நீதிமன்றம் இருக்கிறது. வழக்காடப் பணமில்லையே என்று யாரும் மலைக்கவேண்டாம்: பெருவிபத்தாலும் வெள்ளத்தாலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டென்று 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டமே கூறுகிறது, மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் போதும்.

கடலில் சுழல் உருவாவதைத் தடுக்க மனிதனால் இயலாது. ஆனால் அது உருவானதற்கும் கரையேறுவதற்கும் இடையிலுள்ள தினங்கள் நம் கையில் இருக்கின்றன. அந்தத் தினங்களில் எச்சரிக்கையை முழுமையாகப் படித்து, எழுத்தறியாத அண்டை வீட்டாருக்கு அதை எடுத்துச் சொல்லி, முதியோரையும் கர்ப்பிணிகளையும் மாற்றுத்திறனாளிகளையும் முதலில் அப்புறப்படுத்துவது ஒவ்வொரு குடிமகனின் கர்த்தவ்யம். மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையத்தின் எண் 1070. மாவட்ட மையத்தின் எண் 1077. இவ்விரண்டு எண்களையும் இன்றே வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். அடுத்த புயலுக்குக் காத்திராமல், உங்கள் ஊரின் காப்பகம் எது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.