வெலிங்டன் உருவாக்கிய கோல்கீப்பர்

பீட்டர் தங்கராஜ் 1935 டிசம்பர் 24 அன்று ஹைதராபாத்தில் பிறந்தார். உள்ளூர் அணிகளில் ஆடிப் பழகியவர், 1953இல் ராணுவத்தில் சேர்ந்து, நீலகிரியில் குன்னூரை அடுத்த வெலிங்டனுக்கு வந்தார். மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இருப்பது அங்கேதான். எம்.ஆர்.சி. என்று அழைக்கப்பட்ட அதன் கால்பந்து அணியில் தங்கராஜ் முதலில் சென்டர் ஃபார்வர்டு. கோல் அடிக்க வந்தவரைக் கோல் காக்க நிறுத்திய முடிவால் இந்தியாவுக்கு அதன் மிகச் சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவர் கிடைத்தார்.

எம்.ஆர்.சி. 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. மலையிலிருந்து இறங்கிவந்த ஒரு ராணுவ அணி நாட்டின் மிகப் பழைய கால்பந்துப் போட்டியை இருமுறை வென்றது சாதாரண விஷயமல்ல. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த இந்திய அணியிலும், 1960இல் ரோம் சென்ற அணியிலும் தங்கராஜ் இருந்தார். இரண்டுக்கும் பயிற்சியாளர் எஸ்.ஏ. ரஹீம். முப்படைகளின் சர்வீசஸ் அணி மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையை வென்றபோது தலைவரும் தங்கராஜ்தான்.

அவர் பெயர் நிலைத்தது 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில். தங்கராஜ் காய்ச்சலில் படுத்ததால் முந்தைய ஆட்டங்களில் பிரத்யுத் பர்மன் கோல் காத்தார். தென் கொரியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்துக்கு ரஹீம் தங்கராஜையே இறக்கினார். இஸ்ரேலையும் தைவானையும் போட்டியில் சேர்க்காததை இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தி கண்டித்திருந்ததால் இந்தோனேசிய ரசிகர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிரான கூச்சல். பி.கே. பானர்ஜியும், தலைக் காயத்தோடு முன்களத்தில் ஆடிய தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கும் ஆளுக்கொரு கோல் அடித்தார்கள். கொரியாவால் கடைசி நேரத்தில் ஒன்றுதான் திருப்ப முடிந்தது. 2–1, இந்தியாவுக்குத் தங்கம். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப் பிறகு இந்தியா தங்கம் வென்றதில்லை.

ராணுவத்திலிருந்து வந்த பிறகு கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளான முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகியவற்றுக்கும் ஆடினார். மூன்றின் ரசிகர்களும் ஒருவரையொருவர் பரம எதிரியாகக் கருதியவர்கள் என்பதை நினைத்தால், இது ஆட்டத்திறனுக்கு மட்டும் கிடைக்கும் மரியாதை அல்ல. 1967இல் அர்ஜுனா விருது பெற்றார்.

1971இல் ஓய்வு. இங்கிலாந்தில் அந்தத் தலைமுறை ஆட்டக்காரர்கள் பலர் மூன்றாம், நான்காம் டிவிஷன் கிளப்புகளில் மேலாளராகிப் பிழைத்தார்கள். சம்பளம் குறைவு, பதவி நிரந்தரமில்லை; ஆனாலும் அது ஒரு தொழில். இந்தியாவில் அப்போது அப்படி ஒரு ஏணியே இல்லை. தேசிய அளவிலான லீக் 1996இல்தான் தொடங்கியது. ஓய்வுபெற்ற வீரருக்குச் சோறு போட்டவை ரயில்வேயும் வங்கிகளும் பொதுத்துறை ஆலைகளும்தான். தங்கராஜும் முடிவில் அதே வழியில்தான் போனார். கோவாவின் வாஸ்கோ கிளப்புக்குப் பயிற்சி அளித்தார். பிறகு பொகாரோ உருக்காலையில் இளைஞர்களுக்குப் பயிற்சியாளரானார். ஒலிம்பிக் கண்ட கோல்கீப்பரின் அனுபவம் ஓர் ஆலை நகரத்தோடு சுருங்கியதற்குக் குற்றம் அவருடையதல்ல, விளையாட்டை நடத்தியவர்களுடையது.

பொகாரோவிலேயே தங்கிவிட்ட தங்கராஜ், 2008 நவம்பர் 24 அன்று, 72 வயதில் அங்கே காலமானார்.