ஆராய்ச்சியாளரும் மேற்கோட் கணக்கும்

கல்லூரி விழா மலர்களிலே பழைய மாணவர் பெற்ற பட்டங்களும் வகித்த பதவிகளும் நிரல்படக் கூறப்படுதல் மரபு. ஆராய்ச்சித் துறையிற் புகுந்தோர்க்கும் அத்தகைய நிரல் ஒன்று உண்டு. ஒருவர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரைகள் எத்தனை, அவற்றைப் பிறர் தம் கட்டுரைகளில் எத்தனை முறை எடுத்துக் காட்டினர் என்பனவே அந்நிரலாகும். இன்று பல நாடுகளிலே பல்கலைக்கழகப் பதவியும் ஆராய்ச்சி நிதியும் இக்கணக்கை நோக்கியே வழங்கப்படுகின்றன. ஆதலின், இக்கணக்கு எதனை அளக்கின்றது, எதனை அளக்கத் தவறுகின்றது என்பதனை மூலக்கூற்று உயிரியல் அறிஞர் ஒருவரின் வரலாறு கொண்டு ஆராய்வாம்.

விஞ்ஞானக் கட்டுரை எழுதுவோர் தமக்கு முன் அவ்வழிச் சென்றோரின் நூல்களையுங் கட்டுரைகளையும் இறுதியிற் சுட்டிக் கூறுதல் கடன். இதுவே மேற்கோள் எனப்படும். யூஜீன் கார்பீல்ட் என்னும் அமெரிக்கர் 1955 இல் இம்மேற்கோள்களைத் தொகுத்து அட்டவணைப்படுத்தலாம் என எடுத்துரைத்து, 1960 களில் விஞ்ஞான மேற்கோட் சுட்டியை வெளியிடத் தொடங்கினார். கட்டுரைகளைத் தேடுவதற்கென அமைந்த அக்கருவி, நாளடைவில் மனிதரை அளக்குங் கோலாயிற்று. 2005 இல் ஹோர்ஹே ஹேர்ஷ் என்னும் பௌதிக அறிஞர் 'எச்' சுட்டெண்ணை வகுத்தார். ஒருவரின் ஐந்து கட்டுரைகள் முறையே 30, 12, 7, 4, 1 மேற்கோள்களைப் பெற்றன என்க. நான்கு மேற்கோளுக்குக் குறையாதன நான்கு கட்டுரைகளாதலின் அவர் சுட்டெண் 4 ஆகும். ஒரே கட்டுரை எழுதி அதற்கு ஆயிரம் மேற்கோள் பெற்றவரின் சுட்டெண்ணோ 1 தான்! கணக்கின் குறைபாடு இவ்விடத்தே தலைகாட்டுகின்றது.

இனி, கேம்பிறிட்ஜில் வாழ்ந்த பிரெடறிக் சாங்கரின் வரலாற்றை நோக்குவோம். 1918 இற் பிறந்த இவர், இன்சுலின் என்னும் புரதத்தில் 51 அமினோ அமிலங்கள் எவ்வரிசையில் அமைந்துள்ளன என்பதனை 1955 அளவில் முற்றக் கண்டறிந்தார். புரதங்கள் ஒழுங்கற்ற கலவையல்ல, திட்டமான வரிசை உடையன என்பது அதனால் நிலைநாட்டப்பட்டது. 1958 இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு அவரை வந்தடைந்தது.

பின்னர் அவர் ஆர்.என்.ஏ., டி.என்.ஏ. என்பவற்றின் வரிசையைப் படிக்க முயன்றார். பேசுவதினும் எழுதுவதினும் ஆய்வுகூடத்திலே தம் கையாற் செய்வதையே விரும்பிய அவர், பல வழிகளைச் சோதித்துப் பலவற்றைக் கைவிட்டார். 1977 இல் வழி பிறந்தது. டி.என்.ஏ. என்பது நால்வகை எழுத்துக்களாலான நெடுஞ்சரம் போன்றது. அது படியெடுக்கப்படும்போது, மேலே தொடரவிடாத 'முடிவெழுத்து' ஒன்றைச் சிறிதளவு கலந்துவிட்டால், அது சேர்ந்த இடத்திற் படியெடுத்தல் நின்றுவிடும். நான்கு எழுத்துக்கும் தனித்தனியே இவ்வாறு செய்து, பிறந்த துண்டுகளை நீள வரிசையிற் பிரித்தால், மூலச்சரத்தின் எழுத்தொழுங்கு தானே புலனாகும். இதற்காக 1980 இல் அவர் இரண்டாம் முறையும் நோபெல் பரிசிற் பங்கு பெற்றார். 2003 இல் நிறைவெய்திய மனித மரபணுத் திட்டமும் இம்முறையையே அடிப்படையாகக் கொண்டது.

அவர் 2013 இல் மறைந்த பின்னர், அவருடன் பணியாற்றிய சிட்னி பிரென்னர் எழுதிய நினைவுரையிலே ஒரு கசப்பான உண்மையைக் கூறினார். சாங்கரின் பெருங் கட்டுரைகளுக்கிடையே நீண்ட இடைவெளிகள் இருந்தன. இடையறாது அறிக்கை கேட்டு மதிப்பிடும் இக்காலக் குழுக்களின் முன் அவர் பிழைத்திருக்கமாட்டார் என்பதே அது. ஆண்டுக்கு இத்தனை கட்டுரை எனக் கணக்குக் கேட்டிருந்தால், அவ்வெறுமையான ஆண்டுகளிலேதான் அப்பெரும் முறை கருவுற்றது என்பதை யார் அறிந்திருப்பர்?

மேற்கோட் கணக்குப் பயனற்றது என்பது எம் கருத்தன்று. 2014 இல் வெளிவந்த ஒரு தொகுப்பின்படி சாங்கரின் 1977 ஆம் ஆண்டுக் கட்டுரை 65,000 இற்கு மேற்பட்ட மேற்கோள்களுடன் உலகில் நான்காம் இடத்தைப் பெற்றது. முதலிடம் பெற்றதோ, கரைசலிலுள்ள புரதத்தை அளவிடும் முறைபற்றி லோறியும் துணைவரும் 1951 இல் எழுதிய கட்டுரை. அதன் மேற்கோள்கள் 3,05,000 இற்கும் அதிகம். டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளை உலகுக்கு அறிவித்த வாற்சன், கிறிக் என்போரின் 1953 ஆம் ஆண்டுக் கட்டுரை முதல் நூறினுள்ளும் இல்லை! ஆய்வுகூடந்தோறும் நாடோறும் கையாளப்படும் முறையை எல்லோரும் சுட்டுவர். எல்லோர்க்கும் பொதுவறிவாகிவிட்ட உண்மையை எவரும் சுட்டார். எனவே, மேற்கோள் அளப்பது பயன்பாட்டையேயன்றிப் பெருமையை அன்று.

இதனையுணர்ந்தே 2012 இல் சான் பிரான்சிஸ்கோவிற் கூடிய அறிஞரும் சஞ்சிகை ஆசிரியரும், கட்டுரை வெளிவந்த சஞ்சிகையின் எண்மதிப்பைக் கொண்டு ஆராய்ச்சியாளரின் தரத்தைத் தீர்மானித்தல் ஆகாது எனப் பிரகடனஞ் செய்தனர். கட்டுரையைப் படித்தே அதன் தகுதியை உணர்தல் வேண்டும். எண்ணுவது படிப்பதற்கு ஈடாகாது.

ஆராய்ச்சியை நாடும் மாணவ நண்பர்களே, உங்கள் கட்டுரைகளும் ஒருநாள் எண்ணப்படும். எண்ணிக்கைக்கு அஞ்சி எளிய வினாக்களை மட்டுமே தேடாதீர்கள். பதவியில் அமர்ந்து பிறரை மதிப்பிடும் பழைய மாணவர்களே, உங்கள் முன் வரும் விண்ணப்பத்திலே வெறுமையான ஆண்டுகள் சில காணப்படின், தள்ளுமுன் அவ்வாண்டுகளில் அவர் என்ன செய்தார் என்று ஒருமுறை கேளுங்கள்.