துப்பாக்கியின் உதை

துப்பாக்கி ஏன் உதைக்கிறது என்பதை நம் இயற்பியல் பாடநூல் சொல்லிவிடுகிறது. அந்த உதையை எப்படி வாங்குவது என்பதை மட்டும் அது சொல்வதில்லை. தேசிய மாணவர் படையில் இருக்கும் நண்பர்களுக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

நெடுங்காலம் நம் காவல்துறையினர் தோளில் தொங்கிய .303 ரைபிளை எடுத்துக்கொள்வோம். அதன் குண்டு 11 கிராமுக்குச் சற்று அதிகம். குழலை விட்டு வெளியேறும் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 740 மீட்டர். ரைபிளின் எடையோ 4 கிலோ அளவு. உந்த அழிவின்மை விதிப்படி கணக்கிட்டால், ரைபிள் வினாடிக்கு 2 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பின்னால் வருகிறது. குண்டின் பின்னே பீறிடும் வாயு அதை இன்னும் கூட்டும். மாணவர் படைப் பயிற்சியில் சுடும் .22 ரைபிளின் குண்டுக்கு இதில் சுமார் பத்தில் ஒரு பங்கு உந்தமே உண்டு. ஆகவே அதைச் சுட்டுவிட்டு 'உதையே இல்லையே' என்று மார்தட்டுவதில் பொருளில்லை.

இந்த உந்தத்தை எந்தப் பயில்வானாலும் குறைக்க முடியாது. அதை எவ்வளவு நேரத்தில், எவ்வளவு நிறையோடு சேர்ந்து வாங்குகிறோம் என்பதே நம் கையில் இருக்கிறது. கட்டைக்கும் தோளுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் போதும். ரைபிள் முழு வேகம் பெற்றுச் சம்மட்டிபோல் மோதும். தோள்குழிச் சதையில் கட்டையை அழுந்தப் பதித்துக்கொண்டால், ரைபிளோடு நம் உடம்பும் சேர்ந்து பின்வாங்குகிறது. அடி வெறும் தள்ளலாகிறது. நெல் மூட்டையை முதுகில் தூக்கிப் போட்டால் இடுப்பு ஒடியும், முதுகோடு ஒட்டிச் சாய்த்தால் தாங்கும் என்பது எழுத்தறியாத எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் தெரிந்ததுதான். காறை எலும்பின் மேல் கட்டையை வைத்தவருக்கு மறுநாள் கன்றிய தோள்தான் மிச்சம்.

குழல் தோளுக்குச் சற்று மேலே இருப்பதால் ஒரு திருப்புத்திறனும் உண்டாகிறது. குழல்வாய் மேலே எழும்புவது அதனால்தான். நின்று சுடுபவரின் உடம்பு அசைந்து கொடுக்கும். படுத்துச் சுடுபவருக்கு அதற்கு வழியில்லை. உதை கூடுதலாகவே தெரியும். அவர் ரைபிளுக்கு நேர் பின்னே உடம்பைக் கிடத்தி, கால்களை அகட்டிக்கொள்ள வேண்டும்.

குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் வினாடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. அதற்குள் ரைபிள் பின்வாங்கும் தூரம் 2 மில்லிமீட்டர் அளவே. உதை முழுதும் தோளில் உறைக்கும் முன்பே குண்டு போய்விடுகிறது. பிறகு குறி ஏன் தவறுகிறது? பெரும்பாலும், வரப்போகும் உதைக்கு அஞ்சி, விசையை வெடுக்கென்று இழுத்து, கண்ணை மூடித் தோளை முன்னே தள்ளுவதால்தான்.

இதைக் கண்டுபிடிக்கப் பயிற்றுநர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். சுடுபவருக்குத் தெரியாமல் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றைச் சேர்த்துவிடுவார்கள். விசையை இழுத்ததும் 'க்ளிக்' என்ற சத்தம் மட்டும் வரும். உதைக்காத ரைபிளின் முனை தானாகக் கீழே குத்தும். அதைத் தம் கண்ணாலேயே பார்த்துவிட்டவர், அடுத்த தோட்டாவுக்கு, எப்போது வெடிக்கும் என்று தமக்கே தெரியாதபடி விசையை மெல்ல மெல்ல அழுத்தத் தொடங்குவார்.