ஆறு வயதில் வரும் பல்

பற்கள் எத்தனை என்று கேட்டால் உடனே விடை கூறிவிடுவீர்கள். பாற்பற்கள் 20, அவை விழுந்தபின் நிலைத்த பற்கள் 32. நானும் பல காலம் இவ்வாறே கரும்பலகையில் எழுதிவந்தேன். அதில் ஒளிந்திருந்த பிழையை 1989-ஆம் ஆண்டில் ஒரு மாணவன் எனக்கு உணர்த்தினான்.

ஐந்தாம் வகுப்பில் பயின்ற அவன் கன்னம் வீங்கி வந்து நின்றான். கீழ்த்தாடையின் பின்புறத்தில் ஒரு பல் கறுத்துக் குழிந்திருந்தது. “பாற்பல்தானே ஐயா, விழுந்து வேறு முளைக்கும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்” என்றான். மருத்துவர் அதைப் பிடுங்க நேர்ந்தது. அது பாற்பல் அன்று. மீண்டும் முளைக்கவும் இல்லை.

நிலைத்த பற்களுள் 20 மட்டுமே பாற்பற்கள் விழுந்த இடத்தில் முளைப்பவை. எஞ்சிய 12 கடைவாய்ப்பற்களும், எப்பல்லும் விழாமலே, வரிசையின் பின்னே புதிதாக எழுபவை. அவற்றுள் முதல் நான்கு, மேலே இரண்டும் கீழே இரண்டுமாக, ஏறக்குறைய ஆறு வயதில் ஓசையின்றி வந்துவிடும். முன்பல் விழுந்தால் வீடே அறியும். இதை யார் கவனிக்கிறார்கள்?

இப்பல்லின் மேற்பரப்பில் குறுகிய, ஆழ்ந்த பள்ளங்கள் உண்டு. அங்கே தங்கும் இனிப்பை நுண்ணுயிர்கள் அமிலமாக்குகின்றன. பல்லைப் போர்த்துள்ள எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆயினும் அமிலத்தில் கரையும். அதில் நரம்பில்லை, ஆகவே அரிக்கப்படும்போது வலிப்பதில்லை. உயிரணுவும் இல்லை, ஆகவே குழி விழுந்தபின், முறிந்த எலும்பு கூடுவதுபோல் அது கூடுவதில்லை. அரிப்பு அடியிலுள்ள டென்டினைத் தொட்ட பின்னரே கூச்சம் தோன்றும். நரம்பும் குருதிக்குழாயும் நிறைந்த பற்கூழை எட்டினால் இரவு உறக்கம் போய்விடும். வலித்தபின் மருத்துவரை நாடும் நம் வழக்கம் எவ்வளவு காலங்கடந்தது என்று பாருங்கள்.

காலையிலும் இரவு உறங்குமுன்னும் ஃபுளூரைடு கலந்த பற்பசையால் துலக்குதல் வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பட்டாணி அளவு போதும். எங்கள் இளமையில் செங்கற்பொடியால் தேய்த்தோம். எனாமலும் சேர்ந்தே தேய்ந்தது! பள்ளங்கள் மிக ஆழமாயிருப்பின், சொத்தை விழுமுன்பே மருத்துவர் அவற்றை மெல்லிய பூச்சினால் அடைத்துவிடுவார்.

இன்று மாலை, வீட்டிலுள்ள ஆறேழு வயதுத் தம்பி தங்கையரை வெளிச்சத்தில் நிறுத்தி, முன்பற்களின் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிப் பாருங்கள். ஐந்து வரை பாற்பற்களின் இடம். ஆறாவதாக ஈற்றினின்று எட்டிப்பார்ப்பதே அப்பல். முளைத்து வருகையில் அது அண்டைப் பல்லினும் தாழ்ந்திருக்கும். பல்துலக்கியைக் குறுக்காகப் பிடித்தாலொழிய அதன் மயிர் அங்கே படாது.