கொள்ளு ரசம் குடிச்சா மெட்டபாலிசம் கூடுமா? உண்மை என்ன?

‘கொழுத்தவனுக்குக் கொள்ளு, இளைத்தவனுக்கு எள்ளு.’ தாராபுரம், காங்கேயம் பக்கம் இந்தப் பழமொழியைக் கேட்காதவர்கள் குறைவு. மானாவாரிக் காட்டில் விளையும் அதே கொள்ளுதான் இப்போது ‘மெட்டபாலிசம் பூஸ்டர்’ என்ற பெயரில் ரீல்ஸில் வலம் வருகிறது. நிஜமாவே வேலை செய்யுமா?

சாப்பாட்டை உடல் சக்தியாக மாற்றிச் செலவழிப்பதுதான் மெட்டபாலிசம். சும்மா படுத்திருந்தாலும் இதயம், மூளை, கல்லீரல் இயங்க வேண்டுமே. ஒரு நாள் செலவில் 60 முதல் 70 சதவீதம் அதற்கே போய்விடும். செரிமானத்துக்கு ஆவது சுமார் 10 சதவீதம்தான். உணவை மாற்றினால் அசைவது பெரும்பாலும் இந்தச் சின்னப் பங்கு.

100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. புரதம் தரும் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் அதைச் செரிக்கவே செலவாகும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஒரு வேளைக்கு 30 கிராம் கொள்ளு என்று வைத்தால், அந்தப் புரதத்தைச் செரிக்க ஆகும் செலவு 5 முதல் 8 கலோரி. தாளிக்க ஊற்றும் ஒரு டீஸ்பூன் எண்ணெயில் இருப்பதோ 40 கலோரி!

ரசம் மட்டும் குடிப்பவர்களுக்கு அதுவும் கிடைக்காது. கொள்ளு வேகவைத்த தண்ணீர்தானே ரசம்? புரதம் பெரும்பாலும் பருப்பில் தங்கிவிடும். ‘கொள்ளு சூடு, அதான் கொழுப்பு கரையுது’ என்பார்கள். வியர்வையில் போவது தண்ணீரும் உப்பும்தான்.

அப்போ கொள்ளு வேண்டாமா? தாராளமாகச் சாப்பிடலாம். புரதமும் நார்ச்சத்தும் இருப்பதால் வயிறு நிறைந்திருக்கும். சாயங்காலம் பஜ்ஜிக்குக் கை போகாது. லாபம் அங்கேதான்.

காபி, பச்சை மிளகாய், க்ரீன் டீ எல்லாம் கொஞ்ச நேரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டும், அவ்வளவே. க்ரீன் டீ சாறு மாத்திரைகள் விஷயம் வேறு. அதன் முக்கிய வேதிப்பொருள் தினமும் 800 மில்லிகிராமைத் தொட்டால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரியலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எச்சரித்தது.

‘முப்பது தாண்டினா மெட்டபாலிசம் குறைஞ்சிடும்’ என்பதும் சரியில்லை. 29 நாடுகளில் 6,400-க்கும் மேற்பட்டோரின் தரவுகளை வைத்து 2021-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வின்படி, 20 முதல் 60 வயது வரை அது பெரிதாக மாறுவதில்லை. காலையில் கம்பெனி வேனில் ஏறி, திருப்பூரில் நாள் முழுக்க மிஷின் முன்னால் உட்கார்ந்தால் குறைவது நடமாட்டம்.

சாப்பாடு மாறாமலே எடை ஏறுது, எப்பவும் அசதி, மலச்சிக்கல், மாதவிடாய் தள்ளிப்போகுது என்றால் தைராய்டு சுரப்பு குறைந்திருக்கலாம். டாக்டரைப் பார்த்து டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். அதற்கு மாத்திரை இருக்கிறது. கொள்ளு ரசத்தால் அது சரியாகாது.