பல குரல்கள், ஒரே பாட்டு!

ஓசூரைத் தாண்டிப் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டின் எல்லை ஊர் ஜூஜுவாடி. அப்பால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். ஆலை வேலைக்குச் செல்வோர் பேச்சில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் இங்கே கலந்து ஒலிக்கும். பல மொழிக்காரர்கள் சேர்ந்து உழைக்கிறார்கள். ஆனால், சேர்ந்து பாட முடியுமா?

முடியும் என்று நிரூபித்துக் காட்டினார் ஒருவர். அவர்தாம் எம்.பி.எஸ். என்று ரஸிகர்கள் அழைத்த எம்.பி.சீனிவாசன்.

பூர்விகம் மானாமதுரை. பிறந்தது 1925 செப்டம்பர் 19-ல், கிருஷ்ணகிரிக்கு அண்டை ஜில்லாவான சித்தூரில். இளமையில் அவரை ஈர்த்தது பொதுவுடைமை அரசியல். ஜாலியன்வாலாபாக் நாளில் பஞ்சாபின் தலைவராக விளங்கிய டாக்டர் ஸைபுத்தீன் கிச்லுவின் புதல்வி ஸாஹிதாவை மணந்தார். மொழியும் மதமும் அவர் வீட்டிலேயே கைகோத்து நின்றன!

1960-ல் நிமாய் கோஷின் ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசையமைத்தார். மலையாளத்தில் ‘கால்பாடுகள்’ படத்துக்காக, 1961-ல் ஓர் இளைஞரை முதன்முதலாகப் பாட வைத்தார். அந்த இளைஞர்தாம் கே.ஜே.யேசுதாஸ்! அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘சுயம்வரம்’ (1972), ‘எலிப்பத்தாயம்’ (1981) ஆகிய படங்களின் இசையும் இவருடையதே. சினிமா வாத்தியக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைக்கவும் முன்நின்றார்.

இத்தனை இருந்தும், அவர் உள்ளம் லயித்தது சேர்ந்திசையில். 1970-களின் தொடக்கத்தில் பிறந்தது சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு. பாரதியின் பாடல்களோடு, இந்தியாவின் பல மொழிப் பாடல்களையும் அக்குழு பாடியது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். பஜனையிலும் பலர் பாடுகிறார்களே! பஜனையில் எல்லாரும் ஒரே மெட்டைப் பாடுவார்கள். சேர்ந்திசையிலோ ஒருவர் ஒரு ஸ்வரத்தில் நிற்கும் அதே நொடியில் மற்றொருவர் வேறு ஸ்வரத்தில் நிற்பார். பெண்களின் மேல் குரலும் ஆண்களின் கீழ்க் குரலும் தனித்தனி வழியே சென்று, ஒரே நாதமாகக் கூடும். இது மேல்நாட்டு முறை. கச்சேரியில் வித்வான் தம் கற்பனைப்படி சஞ்சரிக்கலாம். இங்கே ஒருவர் விலகினாலும் கட்டுக் குலைந்துவிடும். யார் எப்போது தொடங்குவது, எங்கே அடங்குவது என்பதெல்லாம் எதிரே நிற்கும் நடத்துநரின் கையசைவில்! ராகத்தில் ஊறிய நம் காதுக்கு இந்த முறையைப் பழக்குவது லேசான காரியமா?

அதற்கு அவர் மேதைகளைத் தேடிப் போகவில்லை. சாதாரண இளைஞர்களையே பழக்கினார். பக்கத்திலிருப்பவர் குரலைக் கேட்காமல் சேர்ந்திசை பாட முடியாது. தன் குரலை விடாமல், பிறர் குரலையும் மதிக்க வேண்டும். இதுவே அவர் கற்பித்த முதல் பாடம். சங்கீதத்துக்கு மட்டுமா அது?

1988 மார்ச் 9-ல் லட்சத்தீவில் அவர் மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிச் சேர்ந்திசைக் குழுவும் தோன்றியது. தனி வித்வான் மறைந்தால் குரலும் மறையும். எம்.பி.எஸ். விட்டுச் சென்றதோ, பலர் கூடினாலன்றி ஒலிக்காத இசை. கூடுவோர் உள்ளவரை அதற்கு மறைவில்லை!